எண்ணிடப்பட்ட உயிர்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பிறந்த வரலாறு

மஞ்சள் காய்ச்சல் நிலவும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளுக்குச் செல்வோர், பயணத்திற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னர் அந்நோய்க்குரிய தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குச் சான்றாக மஞ்சள் நிறச் சிறு புத்தகம் ஒன்று அவர்களிடம் கொடுக்கப்படும். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சபைப் பணியின் நிமித்தம் கானா நாட்டிற்குச் செல்ல நேர்ந்தபோது நானும் அவ்வூசியைப் போட்டுக்கொண்டேன். கணநேர வலியைத் தவிர வேறு துன்பம் இல்லை. 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதியின்படி, ஒருமுறை பெற்ற சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். இத்துணை எளிதாகக் கிடைத்த பாதுகாப்பு எவ்வாறு உண்டாயிற்று என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இரண்டு செய்திகள் என் மனத்தைத் தொட்டன. ஒன்று, இன்று உலகெங்கும் பயன்படும் இத்தடுப்பூசி, நான் சென்ற அதே கானா நாட்டின் சிற்றூரில் நோயுற்றுக் கிடந்த ஒரு மனிதரின் குருதியிலிருந்து தொடங்கியது. மற்றொன்று, அக்குருதியில் இருந்த கிருமியை முதன்முதலில் தன் உடலில் ஏற்று மடிந்தது நம் இந்திய நாட்டைச் சார்ந்த ஒரு குரங்கு. அம்மனிதரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அக்குரங்குக்கு ஓர் எண் மட்டுமே உண்டு. இவ்விருவர்க்கும் இடையே நிகழ்ந்தது யாது, அதனால் நமக்கு ஏற்பட்ட கடன் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் மறைபொருளும்

மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரஸ் நோய். கடுங்காய்ச்சலும் தலைவலியும் முதலில் தோன்றும். சிலருக்கு ஓரிரு நாட்கள் குணமானது போலத் தோன்றி, பின்னர் ஈரல் கெட்டு உடல் மஞ்சளிக்கும். கறுத்த குருதி வாந்தியாக வெளிப்படும். அந்நிலையை அடைந்தவருள் பலர் பிழைப்பதில்லை. ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்நோய், அடிமை வணிகக் கப்பல்களுடன் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. 1793ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா நகரில் ஏறத்தாழ 5,000 பேர், அதாவது அந்நகரின் மக்களில் பத்தில் ஒரு பங்கினர், இதற்கு இரையாயினர். பனாமாக் கால்வாயை வெட்ட முற்பட்ட ஃபிரெஞ்சுக்காரர் அம்முயற்சியைக் கைவிட்டதற்கு இந்நோயும் மலேரியாவும் முக்கிய காரணங்களாயின.

நோய் எவ்வாறு பரவுகிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. நோயாளியின் துணியும் படுக்கையும் நோயைப் பரப்பும் என்றே மக்கள் நம்பினர். 1881ஆம் ஆண்டு கியூபாவைச் சேர்ந்த மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, கொசுவே இதனைப் பரப்புகிறது என்று கூறினார். அவரை நகைத்தவர்களே மிகுதி. அமெரிக்க இராணுவ மருத்துவர் வால்ட்டர் ரீடின் தலைமையில் 1900இல் ஹவானாவில் பணியாற்றிய குழு ஃபின்லேயின் கருத்தை உண்மையென நிலைநாட்டிற்று. நம் ஊர்களில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டி கொசுவே அக்கொசுவாகும்.

விலங்கு இல்லாத நாட்களில்

ரீட் குழுவினர் எதிர்நோக்கிய பெரிய இடர்ப்பாடு யாதெனில், மனிதனைத் தவிர வேறு எந்த உயிர்க்கும் இந்நோய் வருவதாக அக்காலத்தில் அறியப்படவில்லை என்பதே. ஆதலால் சோதனை முழுவதும் மனிதர்மீதே நடத்தப்பட்டது. குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் காரல் தம்மைக் கொசு கடிக்கும்படி விட்டு, நோயுற்று, அரிதிற் பிழைத்தார். அவருடைய தோழர் ஜெசி லசியர் 1900 செப்டம்பர் 25ஆம் நாள் இந்நோயால் இறந்தார். அதன்பின் நடந்த சோதனைகளுக்கு, ஸ்பெயினிலிருந்து புதிதாகக் குடியேறியிருந்த ஏழை இளைஞர் சிலர் உட்பட்டனர். அவர்களோடு எழுத்து மூலமான ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது; சோதனைக்கு உட்படுவோருக்கு 100 டாலர் பொற்காசும், நோயுற்றால் மேலும் 100 டாலரும் தருவதாக அதில் வாக்களிக்கப்பட்டது. சோதனைக்கு உட்படுவோரின் இசைவை எழுத்தில் பெற்ற முன்னோடி ஆவணங்களுள் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது. எனினும், வறியவனுக்கு முன் வைக்கப்பட்ட பொற்காசு அவனுடைய இசைவை எவ்வளவு தூரம் தன்னுரிமையுடையதாக விட்டுவைத்தது என்ற வினாவும் அதனுடன் சேர்ந்தே எழுகிறது.

அடுத்த ஆண்டே அவ்வினாவின் கடுமை வெளிப்பட்டது. கொசுக்கடியால் இலேசான நோயை வருவித்து அதன்மூலம் பாதுகாப்பு அளிக்கலாம் என்று கருதி, 1901இல் ஹவானாவில் சிலர் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் மூவர் இறந்தனர். அம்மூவருள் ஒருவர் கிளாரா மாஸ் என்னும் செவிலி. அவருக்கு வயது 25. ஹவானாவில் மனிதர்மீது நடந்த சோதனைகள் அத்துடன் நின்றன. சோதிக்கத்தக்க விலங்கு ஒன்று கிடைக்கும்வரை தடுப்பூசியைக் குறித்துப் பேச இயலாது என்பது தெளிவாயிற்று. விலங்குச் சோதனையைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல விரும்புவோர் இப்பகுதியை மறந்துவிடலாகாது. குரங்கின் கூண்டு வருவதற்கு முன் அவ்விடத்தில் ஏழை மனிதனே நின்றான்.

வழிதவறிய ஆண்டுகள்

விலங்கைத் தேடும் முயற்சி ஒருமுறை பெரும்பிழையில் முடிந்தது. ஜப்பானில் ஏழைக் குடியானவக் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் புகழ்பெற்று விளங்கிய ஹிடேயோ நொகுச்சி, 1918இல் ஈக்வடார் நாட்டில் நோயாளிகளின் குருதியைச் சீமைப் பெருச்சாளிகளுக்கு ஏற்றி, சுருள் வடிவான ஒரு கிருமியைக் கண்டார். மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் அதுவே என்று அறிவித்து, தடுப்பூசியும் சீரமும் உண்டாக்கினார். பல நாடுகளில் அவை பயன்படுத்தப்பட்டன. உண்மையில் அவர் கண்டது எலிகளின் வழியாகப் பரவும் வேறொரு மஞ்சட்காமாலை நோயின் கிருமியாகும். 1926இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மாக்ஸ் தைலரும் அவருடைய மூத்த தோழர் செல்லர்ட்ஸும் இதனை மெய்ப்பித்தனர். நொகுச்சியின் தடுப்பூசி கைவிடப்பட்டது. அதனை நம்பியிருந்தோர் எவ்விதப் பாதுகாப்பும் இன்றியே இருந்தனர்.

இவ்விடத்தில் நம் வாசகருக்குச் சுவையளிக்கும் ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். ராக்ஃபெல்லரின் செல்வத்தை மருத்துவ ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியவர் ஃபிரெடரிக் கேட்ஸ் என்னும் பாப்டிஸ்டு போதகர். 1897ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் ஆஸ்லரின் மருத்துவ நூலைப் படித்த அவர், மருத்துவர்களால் குணமாக்க முடிந்த நோய்கள் எத்துணைச் சில என்று கண்டு திகைத்தார். அத்திகைப்பே 1901இல் ஆராய்ச்சி நிலையமாகவும், அதன்பின் தோன்றிய அறக்கட்டளையின் உலகளாவிய பணிகளாகவும் உருப்பெற்றது. அவ்வறக்கட்டளை 1925இல் மஞ்சள் காய்ச்சலை ஆராய ஒரு குழுவை மேற்கு ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிற்று. லாகோஸ் நகரை அடுத்த யாபா அதன் தலைமை இடமாயிற்று.

அசிபியும் 253-ஏ என்னும் குரங்கும்

இக்குழுவினரும் முதலில் சீமைப் பெருச்சாளிகளையும் அவ்விடத்து விலங்குகளையுமே சோதித்துப் பயன் காணாதிருந்தனர். ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு நோயாளியின் குருதியை ஏற்றினால் அவை நோயின் குறி ஏதும் காட்டுவதில்லை. அதற்குரிய காரணம் பின்னரே விளங்கிற்று. அக்குரங்கினங்கள் எண்ணற்ற தலைமுறைகளாக இவ்வைரசுடன் ஒரே காட்டில் வாழ்ந்து அதனைத் தாங்கப் பழகியிருந்தன. ஆசியக் கண்டத்திலோ மஞ்சள் காய்ச்சல் அந்நாள்வரை தோன்றியதே இல்லை. எனவே ஆசியக் குரங்குகளின் உடல் அதனை அறியாது. அவற்றை வரவழைத்துச் சோதிக்கலாம் என்று குழுவினர் கருதினர். இவ்வாறு இந்தியாவின் ரீசஸ் குரங்கு, அதாவது வடநாட்டுக் கோயில்களிலும் சந்தைகளிலும் இரயில் நிலையங்களிலும் திரியும் செம்முகக் குரங்கு, கூண்டில் அடைபட்டுக் கடல் கடந்து ஆப்பிரிக்கா சேர்ந்தது.

1927 ஜூன் 30ஆம் நாள், அப்போது தங்கக் கடற்கரை எனப்பட்ட கானாவில் க்பேவே என்னும் ஊரில், மருத்துவர் மஹாஃபி 28 வயதுடைய அசிபி என்னும் ஆப்பிரிக்கரைக் கண்டார். அசிபிக்குக் காய்ச்சல் கடுமையாக இல்லை. அவருடைய குருதியில் சிறிதளவு எடுக்கப்பட்டு, 253-ஏ என எண்ணிடப்பட்டிருந்த ரீசஸ் குரங்குக்கு ஏற்றப்பட்டது. அசிபி குணமடைந்தார், குரங்கு மடிந்தது. அதன் ஈரலில் மஞ்சள் காய்ச்சலுக்குரிய மாற்றங்கள் காணப்பட்டன. ஐரிஷ் மருத்துவர் ஏட்ரியன் ஸ்டோக்ஸும் அவருடைய தோழர்களான பாவர், ஹட்சன் ஆகியோரும் அக்குருதியை ஒரு குரங்கிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றியும், கொசுக்கடியின் வழியாகச் செலுத்தியும் நோயைத் தொடர்ந்து உண்டாக்கினர். நுண்ணிய வடிகட்டியில் வடித்த பின்னும் அது நோயைத் தந்தது. ஆகவே காரணம் ஒரு வைரஸே என்பது ஐயமின்றித் துலங்கிற்று. இருபத்தாறு ஆண்டுகளாக மூடியிருந்த கதவு சில வாரங்களில் திறந்தது.

ஓர் உண்மையை இங்கு நாம் கருத்திற்கொள்ள வேண்டும். இந்தியக் குரங்கு ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதற்குக் காரணம் அது அந்நோய்க்கு அந்நியமாக இருந்ததே. அதன் பயனும் அதன் பலவீனமும் ஒன்றே. இச்சோதனையால் மற்றோர் அச்சமும் பிறந்தது. ஆசியக் குரங்கு இத்துணை எளிதில் மடியுமானால், இந்நோயை அறியாத ஆசிய மக்களின் கதி என்னாகும்? இந்தியாவில் கொசுவும் உண்டு, பெருந்திரளான மக்களும் உண்டு. வைரஸ் ஒன்றே இல்லை. நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் தடுப்பூசிச் சான்றினை இந்தியா இன்றும் கண்டிப்பாகக் கேட்பதன் காரணம் இதுவே.

ஆராய்ச்சியாளரின் கல்லறைகள்

குரங்கிலிருந்து மனிதனுக்கு நோய் திரும்பி வரும் என்பதை ஆராய்ச்சியாளர் தம் உயிரைக் கொடுத்து அறிந்தனர். கண்டுபிடிப்பு நிகழ்ந்து மூன்று மாதங்கள் நிறைவதற்குள் ஸ்டோக்ஸ் நோயுற்றார். படுக்கையில் கிடந்தவாறே, தம் குருதியைக் குரங்குகளுக்கு ஏற்றும்படியும், கொசுக்களைத் தம்மைக் கடிக்க விடும்படியும், தாம் இறந்தால் உடலை அறுத்து ஆராயும்படியும் தோழரிடம் கேட்டுக்கொண்டார். 1927 செப்டம்பர் 19ஆம் நாள் லாகோசில் அவர் உயிர் நீத்தார். அவருக்கு வயது 40. அவருடைய கண்டுபிடிப்பைக் கூறும் கட்டுரை அவர் இறந்த பின்னரே, 1928இல் வெளிவந்தது.

தம் கொள்கை பொய்யாயிற்றோ என்று நேரில் காண அக்ரா நகருக்கு வந்த நொகுச்சி, அங்கும் குரங்குகளிடையே இரவு பகலாக உழைத்து, 1928 மே 21ஆம் நாள் அதே நோயால் இறந்தார். அவருக்கு இடமளித்து உதவிய மருத்துவர் யங் சில நாட்களில் அவரைப் பின்தொடர்ந்தார். 1929இல் பிரேசிலில் பால் லூயிஸ் மாண்டார். தைலரும் ஆராய்ச்சிக்கூடத்தில் நோயுற்றார்; ஆயினும் பிழைத்து, நோயெதிர்ப்பு ஆற்றல் பெற்றார். இவர்கள் ஆபத்தை அறிந்தே அதனுட் புகுந்தவர்கள். கூண்டிலிருந்த உயிர்களோ அறிந்து வந்தவை அல்ல. இரண்டையும் ஒரே சொல்லால் தியாகம் என்று அழைப்பது எளிது. ஆனால் தியாகம் என்பது தன்னைத் தானே கொடுப்பது. தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதை அப்பெயரால் அழைப்பது எடுத்தவரின் மனச்சுமையைக் குறைக்கலாம். உண்மையைச் சொல்வது ஆகாது.

தடுப்பூசி உருவான விதம்

முதல் முயற்சி 1928இல் இலண்டனில் நிகழ்ந்தது. எட்வர்ட் ஹிண்டில் என்பவர், நோயால் மடிந்த குரங்கின் ஈரலையும் மண்ணீரலையும் அரைத்து, வைரசை மருந்தால் செயலிழக்கச் செய்து வேறு குரங்குகளுக்கு ஏற்றினார். அவை பின்னர் நோயைத் தாங்கி நின்றன. ஆயினும் மற்றவர் செய்து பார்த்தபோது அம்முறை எப்போதும் பலிக்கவில்லை.

தைலர் வேறு வழியிற் சென்றார். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 1899இல் பிறந்த இவர், குரங்குக்குப் பதிலாக வெள்ளெலியின் மூளையில் வைரசை வளர்க்கலாம் என்று 1930இல் காட்டினார். விலை மிகுந்த குரங்குகளால் மட்டுமே முடிந்த ஆராய்ச்சி அதனால் பெருமளவு எளிதாயிற்று; எண்ணற்ற குரங்குகளின் உயிரும் தப்பியது என்று சொல்லலாம். ஆனால் எலி மூளையில் வளர்ந்த வைரஸ், ஈரலைத் தாக்கும் ஆற்றலை இழந்து மூளையைத் தாக்கும் ஆற்றலைப் பெற்றது. அதைக் குரங்கின் மூளையில் செலுத்தியபோது மூளைக் காய்ச்சல் கண்டு அது மடிந்தது. இந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. எலி மூளை வைரசைக்கொண்டு ஃபிரெஞ்சு ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோருக்கு அளிக்கப்பட்ட தடுப்பூசி மஞ்சள் காய்ச்சலை ஒடுக்கியது உண்மையே. எனினும் குழந்தைகளிடையே அது மூளைக் காய்ச்சலை விளைவித்தது. அதன் உற்பத்தி 1982இல் நிறுத்தப்பட்டது.

நியூயார்க்கில் இருந்த ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆராய்ச்சிக்கூடத்தில் தைலரும் அவர் தோழரும் அசிபியின் குருதியிலிருந்து வந்த வைரசையே எடுத்து, முதலில் எலிக் கருவின் திசுக்களிலும், பின்னர் கோழிக் கருவின் திசுக்களிலும், இறுதியாக மூளையும் தண்டுவடமும் நீக்கப்பட்ட கோழிக் கருவின் திசுக்களிலும் மாற்றி மாற்றி வளர்த்தனர். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட தடவைகள் மாற்றி வளர்த்தபோது, 89ஆம் தடவைக்கும் 114ஆம் தடவைக்கும் இடையே எங்கோ வைரசின் இயல்பு மாறிவிட்டது. அதன் கொடுமை அடங்கியதை மெய்ப்பித்தவை குரங்குகளே. பழைய அசிபி வைரசால் ரீசஸ் குரங்கு தப்பாது மடியும். புதிய வைரசைத் தோலின் கீழ் செலுத்தியபோது அது நோயுறவில்லை. மூளையிலேயே செலுத்தியபோதும் பெரும்பாலும் இலேசான காய்ச்சலுடன் பிழைத்தது. அதன்பின் பழைய கொடிய வைரசை ஏற்றியும் அதற்குத் தீங்கு நேரவில்லை. இதற்கு 17டி என்று பெயரிட்டு, தைலரும் ஹியூ ஸ்மித்தும் 1937இல் அறிவித்தனர்.

அவ்வாண்டே ஸ்மித் பிரேசிலுக்குச் சென்று தடுப்பூசிப் பணியைத் தொடங்கினார். 1938இல் மட்டும் அந்நாட்டில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றனர். தைலருக்கு 1951இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இன்றுவரை 50 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டுள்ளன. இன்றும் உலகில் உண்டாக்கப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அனைத்தும் அசிபியிடமிருந்து எடுத்த வைரசின் வழித்தோன்றலே.

குரங்கு சொன்னதும் சொல்லாததும்

குரங்குச் சோதனை அனைத்தையும் வெளிப்படுத்தும் என்று கருதுவதும் தவறு. தொடக்க காலத் தடுப்பூசியில் வைரஸ் கெடாதிருக்கும் பொருட்டு மனிதரின் சீரம் சிறிதளவு சேர்க்கப்பட்டது. தடுப்பூசி பெற்ற சிலர் சில மாதங்கள் கழித்து மஞ்சட்காமாலை கண்டனர். பிரேசிலில் இது கவனிக்கப்பட்டு, 1940இல் மனித சீரம் அங்கு விலக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த எச்சரிக்கைக்கு உடனே செவிசாய்க்கவில்லை. அதன் விளைவாக 1942ஆம் ஆண்டு அமெரிக்கப் படைவீரருள் ஏறத்தாழ 50,000 பேர் காமாலையால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சீரம் தந்தோர் சிலருடைய குருதியில் மறைந்திருந்த ஹெப்படைட்டிஸ் பி வைரசே காரணம் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. அவ்வைரஸ் ரீசஸ் குரங்கை நோயுறச் செய்வதில்லை. ஆதலால் எத்தனை குரங்குகளில் சோதித்திருந்தாலும் இவ்வாபத்து வெளிப்பட்டிராது. அதை வெளிப்படுத்தியவர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து சென்று, விசாரித்து, எண்ணிப் பார்த்த பிரேசில் மருத்துவர்களே.

1941இல் மற்றொரு படிப்பினையும் கிடைத்தது. 17டி வைரசை மேன்மேலும் மாற்றி வளர்த்ததால் அதன் ஒரு கிளை இயல்பு திரிந்து, பிரேசிலில் சிலருக்கு மூளைக் காய்ச்சலை உண்டாக்கிற்று. அதன்பின், சோதித்துத் தேறிய வைரசையே வித்தாகச் சேமித்து, அவ்வித்திலிருந்தே எல்லாத் தடுப்பூசியையும் உண்டாக்கும் விதி வகுக்கப்பட்டது. புதிய வித்து ஒவ்வொன்றும் குரங்குகளில் சோதிக்கப்பட வேண்டும். மூளையில் வைரஸ் செலுத்தப்பட்ட குரங்குகள் முப்பது நாட்கள் கவனிக்கப்பட்டு, பின்னர் கொல்லப்பட்டு, அவற்றின் மூளையும் தண்டுவடமும் ஆராயப்படும். நம் கையிலுள்ள மஞ்சள் புத்தகத்திற்குப் பின்னால் இச்சோதனையும் நிற்கிறது.

கூண்டின் கணக்கு

இந்தியக் குரங்கின் பயணம் மஞ்சள் காய்ச்சலோடு முடியவில்லை. 1947இல் உகாண்டாவில், மஞ்சள் காய்ச்சலைக் கண்காணிக்கும் பொருட்டுக் காட்டு மரத்தின்மேல் கூண்டில் வைக்கப்பட்டிருந்த 766 என்னும் எண்ணுடைய ரீசஸ் குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. அதன் குருதியில் கிடைத்த புதிய வைரசுக்கு அக்காட்டின் பெயரால் சிக்கா என்று பெயரிட்டனர். பின்னர் போலியோத் தடுப்பூசிக்காக 1950களில் ஆண்டுதோறும் இலட்சத்திற்கும் மேற்பட்ட குரங்குகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. வழியிலேயே பல மடிந்தன. 1955இல் இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தி, மருத்துவத் தேவைக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு மீண்டும் அனுமதித்தது. அந்நிபந்தனைக்கு மாறாக, அணுக்கதிர் பாய்ச்சும் இராணுவச் சோதனைகளில் குரங்குகள் பயன்பட்டதாகச் செய்தி வந்தது. மொரார்ஜி தேசாயின் அரசு 1978இல் ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது.

இத்தடையை வெறும் சமய உணர்ச்சி என்று அயல்நாட்டார் சிலர் இகழ்ந்தனர். அனுமனை வணங்கும் மக்களின் உணர்வு அதில் இருந்தது உண்மையே. ஆனால் அதனினும் அடிப்படையான நியாயம் ஒன்று அதில் உண்டு. உயிரைக் காப்பதற்கென்று சொல்லிப் பெற்றுக்கொண்ட உயிரை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது நம்பிக்கைத் துரோகம். நோக்கம் மாறும்போது, முன்பு கூறிய நியாயமும் உடன் மாறிவிடுகிறது.

கடன் திரும்பும் காலம்

குரங்குக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு ஆராய்ச்சிக்கூடத்தோடு நிற்பதன்று. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் ஊளைக் குரங்குகள் மஞ்சள் காய்ச்சலால் கூட்டங்கூட்டமாக மடியும். விடியற்காலையில் காட்டை நிறைக்கும் அவற்றின் குரல் அடங்கினால் மனிதரிடையே நோய் வரப்போகிறது என்று டிரினிடாட் தீவினர் அறிந்திருந்ததை, 1914இலேயே மருத்துவர் பால்ஃபர் எழுதி வைத்துள்ளார். 2016க்கும் 2018க்கும் இடையே பிரேசிலில் இந்நோய் மீண்டும் பரவி 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, அதற்கு முன்னரே காடுகளில் குரங்குகள் மடிந்து கிடந்தன. அவையே நோயைப் பரப்புகின்றன என்று தவறாக எண்ணிய சிலர் அவற்றை அடித்துக் கொன்றனர். எச்சரித்த காவலனையே கள்வன் என்று அடித்த கதை இது. நோயைக் கொணர்வது கொசுவே. குரங்கு நமக்கு முன்னே நோயுறும் உயிர்.

ரியோ நகரை அடுத்த கடலோரக் காடுகளில் மட்டுமே வாழும் பொன்னிறச் சிங்கத் தாமரின் என்னும் சிறு குரங்கு 1970களில் ஏறத்தாழ 200 என்னும் அளவிற்கு அருகிப்போயிருந்தது. பலருடைய உழைப்பால் அது 2014இல் 3,700 ஆகப் பெருகிற்று. மேற்கூறிய நோய்ப் பரவலில் அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. அப்போது பிரேசில் ஆராய்ச்சியாளர் ஒரு புதிய முயற்சியில் இறங்கினர். மனிதருக்கென உண்டாக்கப்பட்ட 17டி தடுப்பூசியைக் கூண்டில் வளர்க்கப்பட்ட ஊளைக் குரங்குகளிலும் தாமரின் இனக் குரங்குகளிலும் சோதித்து, அது தீங்கின்றி எதிர்ப்பாற்றலைத் தருவதைக் கண்டனர். பின்னர் காட்டில் தாமரின்களைப் பொறிவைத்துப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டனர். 2023ஆம் ஆண்டுக்குள் 300க்கும் மேற்பட்டவை இவ்வாறு தடுப்பூசி பெற்றன.

1927இல் ஒரு குரங்கு மனிதனுக்காக மடிந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதன் உடலின் வழியாக வந்த அதே வைரஸ், கொடுமை நீங்கிய வடிவில், அதன் தூரத்து உறவான மற்றொரு குரங்கைக் காக்கச் செல்கிறது. இம்முறையும் கூண்டு இருந்தது; சோதனையும் இருந்தது. ஆனால் பயன் எவ்வினத்திற்கோ, சோதனையும் அதனைச் சார்ந்த இனத்தின்மீதே நடந்தது. இந்த வேறுபாடு சிறியதன்று.

முடிவுரை

இவ்வரலாற்றை ஆராய்வோர்க்கு இரண்டு எளிய வழிகள் திறந்திருக்கின்றன. கோடிக்கணக்கான மனித உயிர்கள் தப்பியிருக்க, குரங்குகளைக் குறித்துப் பேசுவது வீண் என்று கூறலாம். அல்லது சோதனை முழுவதும் கொடுமை என்று ஒதுக்கிவிடலாம். முதல் வழி கடனையே மறுக்கிறது. இரண்டாம் வழி, அக்கடனால் வந்த பயனைப் பெற்றுக்கொண்டே அதைத் தந்தவரைப் பழிக்கிறது. என் கையில் ஊசி ஏறியிருக்க, நான் அவ்விரண்டாம் வழியிற் செல்லும் உரிமையை இழந்துவிட்டேன். முதல் வழியிற் செல்ல என் மனச்சான்று இடந்தரவில்லை.

எஞ்சியிருப்பது கடனாளியின் வழி ஒன்றே. கடன்பட்டவன் செய்யத்தக்கவை மூன்று. பெற்றதை மறவாதிருத்தல், தேவைக்கு மேல் பெறாதிருத்தல், திருப்பிக் கொடுக்கக் காலம் வாய்க்கும்போது தயங்காதிருத்தல். வெள்ளெலியாலும் கோழிக் கருவாலும் முடிந்த இடங்களில் தைலர் குரங்கைத் தவிர்த்தது இரண்டாவதற்கு ஒரு சான்று. பிரேசில் காட்டில் தாமரினுக்குப் போடப்பட்ட ஊசி மூன்றாவதற்கு ஒரு சான்று. முதலாவது நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது.

கானாவிலிருந்து திரும்பியபின் என் மஞ்சள் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இக்கட்டுரைக்காக அண்மையில் அதனை எடுத்துப் பார்த்தேன். மருத்துவரின் கையொப்பமும், முத்திரையும், தடுப்பூசியின் தொகுதி எண்ணும் அதில் உள்ளன. அந்த எண்ணைப் படித்தபோது, அதற்கும் முன்னே எழுதப்பட்ட மற்றோர் எண் என் நினைவில் எழுந்தது: 253-ஏ.